பக்கத்து இருக்கை: சியோல் பிசி பாங்குகளில் நடந்த களஆய்வும் அதை மறுபடி செய்யும் முறையும்

2004 வாக்கில் தென் கொரிய வீடுகளில் அதிவேக இணையம் சாதாரணப் பொருளாகிவிட்டது. கணினியும் பெரும்பாலான வீடுகளில் இருந்தது. இருந்தும் பள்ளி விட்ட பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், வேலை முடிந்த இளைஞர்கள் என்று பலரும் மணிக்குச் சுமார் 1,000 வோன் கொடுத்து, ஏதோ ஒரு கட்டடத்தின் மாடியிலோ நிலவறைத் தளத்திலோ இருந்த, ‘பிசி பாங்’ எனப்படும் கணினி அறையில் போய் உட்கார்ந்து கணினி விளையாட்டு ஆடினார்கள். வீட்டில் சும்மா கிடைப்பதற்கு வெளியே போய் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

சர்வர் பதிவைக் கேட்டால் எந்தக் கணக்கிலிருந்து எத்தனை மணி நேரம் ஆட்டம் நடந்தது, எத்தனை முறை வெற்றி என்று சொல்லும். கேள்வித்தாளை நீட்டினால் “நண்பர்களோடு பொழுதுபோக்க” என்ற கட்டத்தில் குறி விழும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பக்கத்து இருக்கையில் யார் இருந்தார், தோற்றபோது யார் சிரித்தார், ஆட்டத்தை விட்டு எழுந்து போக ஏன் மனம் வரவில்லை என்பதெல்லாம் அந்த இரண்டிலும் பதிவாவதே இல்லை. அதைப் பார்க்க அங்கே போய் உட்கார வேண்டும். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் சீ அதைத்தான் செய்தார். மக்களோடு பழகி, கூடவே இருந்து பார்த்து எழுதும் இனவரைவியல் முறையில் அவர் கொரியாவில் செய்த களஆய்வு 2006-இல் கட்டுரையாக வெளிவந்தது. வீடியோ கேம் ஆடுவோரை நேரில் ஆராய விரும்புகிறவர்களுக்கு அது இன்றும் நல்ல பாடம். அந்த ஆய்வு எதைக் கண்டது, அதுபோன்ற ஒன்றை இன்று செய்வதானால் வேலை எப்படி நடக்க வேண்டும், எங்கெங்கே சறுக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

அறையும் அதன் பின்னணியும்

கொரிய மொழியில் ‘பாங்’ என்றால் அறை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் அறைகள் அந்நாட்டு நகர வாழ்வில் ஊறிப்போனவை. பாடுவதற்கு நொரேபாங், சூடான தரையில் படுத்து வியர்ப்பதற்கு ஜிம்ஜில்பாங், படக்கதை படிப்பதற்கு மன்ஹ்வாபாங். இந்த வரிசையில் பிசி பாங் சேர்ந்தது 1990-களின் பிற்பாதியில். 1997 டிசம்பரில் கொரியா பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கும் நிலைக்கு வந்தது. வேலை இழந்தவர்களில் பலர் கைக்கு வந்த பணிக்கொடையைப் போட்டு இந்தக் கடைகளைத் திறந்தார்கள். 1998 மார்ச்சில் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டு வெளியானது. அதே ஆண்டு உள்நாட்டு நிறுவனமான என்சிசாஃப்டின் லினியேஜ் என்ற இணைய விளையாட்டும் வந்தது. கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கிடைத்தார்கள், கையில் காசில்லாத இளைஞர்களுக்கு மலிவான போக்கிடம் கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் கடைகளின் எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டிவிட்டது.

உள்ளே நுழைந்தால் மங்கிய வெளிச்சம், வரிசை வரிசையாக உயரமான முதுகுப்பலகை வைத்த நாற்காலிகள், ஒவ்வொரு திரைக்கும் ஒரு எண், வாசலோரம் கவுண்டர், அங்கே கப் ராம்யோனும் (கோப்பையில் வரும் உடனடி நூடுல்ஸ்) குளிர்பானமும். சில கடைகளில் இருவர் சேர்ந்து உட்காரும் சோஃபா இருக்கையும் இரண்டு திரைகளும் இருக்கும், காதலர்களுக்கானது. 2013 ஜூனில் புகைத்தடை வரும் வரை புகையும் இந்த அறைகளின் அடையாளம்.

சோஃபா இருக்கை சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் முதல் கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது. மணமாகாத இளைஞர்களில் பலர் பெற்றோருடன் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்கள். நண்பர் கூட்டத்தையோ காதலியையோ அங்கே அழைத்துப்போய் மணிக்கணக்கில் இருக்க முடியாது. காபிக்கடையில் ஒரு கோப்பைக்கு ஆகும் செலவில் இங்கே இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டலாம். வீடும் இல்லை, பள்ளி அல்லது அலுவலகமும் இல்லை. ஆள் வந்து போவதற்கென்றே ஓர் இடம். சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் இத்தகைய இடங்களை ‘மூன்றாம் இடம்’ என்றார். ஃப்ளாரன்ஸ் பிசி பாங்குகளை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தார்.

மறுபாதி விடை இன்னும் ஆழமானது. ‘வாங்-தா’ என்று ஒரு கொரியச் சொல். கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று பொருள். வகுப்பறையில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவதும் அதே சொல்தான். ஆட்டத்தில் கெட்டிக்காரராக வேண்டும் என்ற வேகத்துக்குப் பின்னால் இந்த ஒதுக்கலைப் பற்றிய அச்சமும் இருக்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தோழர்கள் எல்லோரும் ஸ்டார்கிராஃப்ட் ஆடும்போது ஒருவனுக்கு மட்டும் அது வராவிட்டால், அவனுக்குப் போவது ஓர் ஆட்டம் மட்டுமல்ல. வெளியிலிருந்து பார்ப்பவர் ‘அடிமைத்தனம்’ என்று பெயர் வைத்துவிடக்கூடிய ஒரு பழக்கத்தில், உள்ளே உட்கார்ந்து பார்த்தவருக்குக் கூட்டத்தில் இடம் தேடும் முயற்சி தெரிந்தது.

இந்த விடை “நீ ஏன் ஆடுகிறாய்?” என்று நேரடியாகக் கேட்டால் வராது. ஒதுக்கப்படுவோம் என்று பயப்படுகிறவன் அந்தப் பயத்தை அந்நியரிடம் சொல்ல மாட்டான். பலமுறை பார்த்து, பழகி, ஒரு சொல் எந்தச் சூழலில் யாரைப் பற்றி வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தால்தான் பிடிபடும்.

எத்தனை கடை, எத்தனை மணி

ஒரே கடையில் எல்லா நேரத்தையும் செலவிட்டால் அந்தக் கடையின் குணத்தை நாட்டின் குணமாக எழுதிவிடுவோம். குறைந்தது மூன்று வேறு வகைக் கடைகள் தேவை. சியோலில் என்றால் பல்கலைக்கழகங்கள் சூழ்ந்த சின்ச்சோனில் ஒன்று, தனிப்பயிற்சி நிலையங்கள் அடர்ந்த டேச்சி-தோங்கில் ஒன்று, அலுவலகங்கள் நிறைந்த காங்நாம் பக்கம் ஒன்று. மூன்றிலும் வரும் ஆட்களின் வயது, கையிருப்பு, திரும்பிப் போக வேண்டிய நேரம் எல்லாமே வேறு.

அடுத்தது நேரம். வாரத்தின் ஏழு நாட்களை நாலு மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 42 கட்டங்கள். மூன்று கடைக்கும் 126. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேர வருகை என்று கணக்குப் போட்டால் 252 மணி நேரம் வரும். ஒரு மணி நேரப் பார்வைக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் குறிப்பு விரித்து எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தால், தனி ஆளால் தாங்க முடியாது. ஆகவே எல்லாக் கட்டத்தையும் நிரப்ப முயல வேண்டாம். 50 வருகை, 100 மணி நேரப் பார்வை, 250 மணி நேர எழுத்து என்பது ஓராள் ஒன்பது வாரம் முழுநேரமாகச் செய்யக்கூடிய அளவு. முதல் 10 வருகையை நாள் முழுவதும் பரவலாகப் போட்டு, எந்த நேரத்தில் ஆள் மாறுகிறது என்று கண்டுகொண்டு, மிச்சத்தை அந்த மாறும் நேரங்களில் குவிக்கலாம்.

சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இரவு 10 மணிக்குப் பிறகு பிசி பாங்கில் இருக்கக்கூடாது; காலை 9 வரை தடை. புதிதாக வருகிறவர்கள் அட்டவணையில் 22:00 என்று தொடங்கி வைப்பார்கள். அப்படி வைத்தால் முக்கியமான காட்சியையே தவறவிடுவார்கள். 21:00-க்குப் போய் 23:00 வரை இருக்க வேண்டும். பத்தடிக்கும் முன் எந்தச் சிறுவன் பாதி ஆட்டத்தில் எழுகிறான், அவன் போனதால் தோழர்களின் ஆட்டம் என்ன ஆகிறது, காலியான இருக்கையில் யார் வருகிறார், கடை ஊழியர் வயதை எப்படிச் சரிபார்க்கிறார் அல்லது சரிபார்க்காமல் விடுகிறார் என்பதெல்லாம் பத்து மணியைச் சுற்றிய நேரத்தில்தான் நடக்கும்.

உள்ளே நுழைதல்

கடை முதலாளியிடம் அனுமதி வாங்குவது முதல் படி. அதை வாங்கிவிட்டால் ஆடுகிறவர்களின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. கடையில் பொதுவாகப் பார்ப்பதற்கு முதலாளியின் அனுமதியும், கவுண்டரில் ஒட்டிய அறிவிப்பும் போதும். அதிலும் எவரையும் அடையாளம் காட்டும் விவரம் குறிப்பில் வரக்கூடாது. ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து அதை ஆய்வில் சேர்ப்பதானால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். சிறுவர்களை நேர்காண்பதற்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் சிறுவரின் சம்மதமும் வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் பிசி பாங்குக்கு வருகிற பிள்ளையிடம் “அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா” என்று தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் சிறுவர் நேர்காணலைக் கடையிலிருந்து தொடங்கவே கூடாது. பள்ளி வழியாகவோ பெற்றோர் வழியாகவோ தனியாக ஆள் சேர்த்து, வேறிடத்தில் பேச வேண்டும். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் பல்கலைக்கழக நெறிக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே இந்தப் பிரிவை எழுதி வைப்பது நல்லது. இடையில் மாற்றப் போனால் வாரக்கணக்கில் வேலை நிற்கும்.

முதலாளியைவிட அதிகம் தெரிந்தவர்கள் பகுதிநேர ஊழியர்கள். எந்த இருக்கை யாருடையது, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு பேசுவதில்லை, பரீட்சை வாரத்தில் என்ன மாறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கூட்டம் குறைந்த காலை நேரத்தில் கவுண்டரில் நின்று பேசலாம். ஆனால் அவர்கள் சொல்வது வேலை செய்பவரின் பார்வை. தொல்லை கொடுக்கிறவர்களை அவர்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள், அமைதியாக ஆடிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள் கணக்கில் இருக்க மாட்டார்கள்.

எங்கே உட்காருவது

ஆய்வின் தரத்தை இருக்கைத் தேர்வு தீர்மானிக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முன்னாலிருக்கும் திரைகள் தெரியும், முகங்கள் தெரியாது. சுவரோரம் உட்கார்ந்தால் ஒரு வரிசையின் பக்கவாட்டு முகங்கள் தெரியும், திரை தெரியாது. எவர் பின்னாலும் நின்று பார்ப்பது கூடவே கூடாது. திரையை எட்டிப் பார்க்கிறவரை ஆடுகிறவர் உடனே உணர்ந்துவிடுவார். கடவுச்சொல் திருட வந்தவர் என்றோ, எதிரணிக்குத் தகவல் சொல்கிறவர் என்றோ சந்தேகம் வரும்.

நடைமுறையில் இரண்டு மணி நேர வருகையை இரண்டாகப் பிரிப்பது நல்ல பலன் தரும். முதல் மணி நேரம் வரிசையின் ஓரத்து இருக்கையில் இருந்து கடையின் வரைபடத்தை நிரப்ப வேண்டும். இருக்கை எண்களை முன்கூட்டியே அச்சிட்ட தாளில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எந்த எண்ணில் ஆள், தனியா கூட்டமா, எந்த விளையாட்டு என்று குறிக்கலாம். இரண்டாம் மணி நேரம் நடுவரிசையில் உட்கார்ந்து தானும் ஆட வேண்டும். ஆடும்போது கவனிக்க முடியாது, கவனித்தால் ஆட முடியாது. இந்த இழுபறிக்குத் தீர்வு கிடையாது. அதனால்தான் நேரத்தைப் பிரிப்பது.

விளையாட்டு தெரியாமல் போகக்கூடாது. ஸ்டார்கிராஃப்டில் டெரன், ஸெர்க், புரோட்டாஸ் என்ற மூன்று இனங்களின் ஆட்டப்போக்கும் தெரியாதவருக்கு, மூன்றாவது நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவன் ஏன் பல்லைக் கடித்தான் என்று புரியாது. ஸெர்க் இனத்தை ஆடிய எதிராளி பொருளாதாரத்தைப் பலி கொடுத்து ஆரம்பத்திலேயே பாய்ந்துவிட்டான், நண்பர்களுக்குள் அது சிலருக்குப் பிடிக்காது, பக்கத்தில் இருப்பவனின் கோபம் அதனால்தான் என்பது ஆட்டம் தெரிந்தவருக்கே புரியும். களத்துக்கு முன் 40, 50 மணி நேரம் ஆடிப் பழகினால் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே வரலாம். அதுவே நல்ல நிலை. கற்றுக்கொள்ள வந்தவராகத் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே சொல்லிக் கொடுப்பார், அந்தச் சொல்லிக்கொடுக்கும் பேச்சில் கிடைப்பது எந்த நேர்காணலிலும் கிடைக்காது.

குறிப்பு

பிசி பாங்கில் எல்லோரும் தட்டச்சு செய்துகொண்டிருப்பதால், கணினியிலேயே நோட்பேடைத் திறந்து குறிப்பெழுதுவது இயல்பாகத் தெரியும். செய்யக்கூடாது. ஒருவர் எழுந்து போனதும் கணினி மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்குத் திரும்பும்படிதான் இந்தக் கடைகளில் அமைத்திருப்பார்கள். இரண்டு மணி நேரக் குறிப்பு ஒரு நொடியில் போய்விடும். போகாமல் இருந்தால் அதைவிட மோசம், அடுத்து உட்காருகிறவர் படிப்பார். கைப்பேசியில் துண்டுச் சொற்களாக எழுதிக்கொண்டு, வெளியே வந்து அன்றே, தூங்குவதற்கு முன், விரித்து எழுத வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பேச்சின் வரிசை கலைந்துவிடும். யார் முதலில் சிரித்தார் என்பது மாறிப்போகும்.

மாதிரிக்காக எழுதிய இரண்டு குறிப்புகளைப் பாருங்கள். முதலாவது: “மூன்று மாணவர்கள் உற்சாகமாக ஆடினார்கள். ஒருவன் தோற்றதும் வருத்தப்பட்டான்.” இரண்டாவது: “17:42. இருக்கை 31, 32, 33. பள்ளிச் சீருடை. 32-இன் திரையில் ஆட்டம் முடிந்த பக்கம். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கிறான். 31 தன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஏதோ சொல்கிறான் (கேட்கவில்லை). 33 சிரிக்கிறான். 32 கவுண்டருக்குப் போகிறான். 17:46, மூன்று கப் ராம்யோனோடு திரும்புகிறான். காசு அவனுடையது. பந்தயமா?” முதலாவதில் எழுதியவரின் முடிவு மட்டும் இருக்கிறது, ‘உற்சாகம்’, ‘வருத்தம்’ இரண்டும் ஊகம். இரண்டாவதில் நடந்தது இருக்கிறது, கேட்காதது கேட்கவில்லை என்று இருக்கிறது, ஊகம் கேள்விக்குறியோடு தனியாக நிற்கிறது. தோற்றவர் கடைக்கட்டணமோ சாப்பாட்டுச் செலவோ ஏற்கும் வழக்கம் அங்கே உண்டு. அது தெரிந்த பிறகு பழைய குறிப்புக்குத் திரும்பிப் பார்க்கும்போது இரண்டாவதில் ஆதாரம் இருக்கும்.

திரையும் அறையும் சேர்ந்து

கடையில் ஒளிப்பதிவு செய்வது பெரும்பாலும் நடக்காத காரியம். மற்றவர்களின் முகமும் அரட்டைப் பெட்டியும் படத்தில் விழும், கடைக்கணினியில் பதிவுச் செயலியை நிறுவவும் விடமாட்டார்கள். வீட்டில் முடியும். அமெரிக்காவில் ரீட் ஸ்டீவன்ஸ், டாம் சாட்விக்ஸ், லாரி மெக்கார்த்தி மூவரும் பிள்ளைகள் தங்கள் வீட்டில், தங்களுக்குப் பிடித்ததை ஆடுவதைத் திரை, அறை இரண்டையும் ஒருசேரப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள், 2008-இல் வெளிவந்தது. திரையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு பிள்ளை ஆடியது என்று எழுதியிருப்பார்கள். அறையையும் பார்த்ததால் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்ன அண்ணன் தம்பியும் அக்கா தங்கையும் ஆட்டத்துக்குள் வந்தார்கள்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை நுணுக்கமானவை. விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி. திரை, அறை என்று இரண்டு ஓட்டம் சேர்ந்து 5.4 ஜிபி, இரண்டு மணி அமர்வுக்கு 11 ஜிபி இடம் வேண்டும். தொடக்கத்தில் கேமராவுக்கு முன் ஒருமுறை கை தட்ட வேண்டும், இரு பதிவின் ஒலியிலும் அது கேட்க வேண்டும். முடிவிலும் ஒருமுறை தட்ட வேண்டும். பலர் முதல் தட்டலோடு விட்டுவிடுவார்கள். கைப்பேசியும் சில திரைப்பதிவுச் செயலிகளும் பட வேகத்தைத் தாமாகக் கூட்டிக் குறைப்பதால் இரண்டு பதிவும் மெல்ல விலகும், இரண்டாம் மணி நேரத்தில் சிரிப்பு ஒருபக்கமும் அதற்குக் காரணமான காட்சி வேறுபக்கமும் போய்விடும். வேகத்தை விநாடிக்கு 30 சட்டகம் என்று நிலையாகப் பூட்டி வைத்தால் பெருமளவு தப்பலாம்.

பழைய கணினியில் திரைப்பதிவுச் செயலியை ஓட்டினால் விளையாட்டு திக்கும், திக்கினால் ஆடுகிறவர் எரிச்சலடைவார், நாம் பதிவது நம்மால் உண்டான எரிச்சலை. திரைக்குப் போகும் கேபிளின் நடுவே தனிப் பதிவுக்கருவியை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஹெட்செட் போட்டிருப்பவரின் பேச்சு அறை மைக்கில் கேட்கும், அவருக்கு வரும் பதில் கேட்காது. விளையாட்டின் உள்ஒலியையும் தனித் தடமாகப் பதியாவிட்டால் பாதி உரையாடல்தான் கையில் இருக்கும்.

பிசி பாங்குக்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. 2001-இல் வந்த 1.08 பதிப்பிலிருந்து ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தை, பிறகு திரும்ப ஓட்டிப் பார்க்கக்கூடிய ரீப்ளேயாகச் சேமிக்கும். முடிந்த ஆட்டத்தின் ரீப்ளேயை அன்றைக்கே ஆடியவரோடு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, “இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?” என்று கேட்டால், பொதுவாகக் கேட்பதைவிடப் பத்து மடங்கு விவரம் வரும். ரீப்ளேயில் ஆட்டம் மட்டுமே இருக்கும் என்பதால் அந்த நேரத்து இருக்கைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு புதுப்பிக்கப்பட்டால் பழைய ரீப்ளே திறக்காமல் போவதுண்டு. தள்ளிப் போடக்கூடாது.

கேமராவைப் பற்றி இன்னொன்று. கனடாவில் ஹேலோ 3 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் லேன் போட்டிகளை (ஒரே இடத்தில் கூடி, கருவிகளை இணைத்து ஆடுபவை) ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த நிக் டெய்லர், போட்டியாளர்கள் கேமராவைக் கண்டு ஒதுங்காமல் அதற்காகவே நடந்துகொண்டதைப் பற்றி விரிவாக எழுதினார். மின்விளையாட்டுப் போட்டியில் கேமரா என்றால் புகழ். சிலர் ஒளிவார்கள், சிலர் நடிப்பார்கள். எது நடந்தது என்று ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் எழுதி வைக்க வேண்டியது ஆய்வாளரின் கடமை.

கேட்கும் நேரம், கேட்கும் மொழி

ஆட்டத்தின் நடுவே கேள்வி கேட்டால் பதில் வராது, வந்தாலும் ஆளைத் துரத்தும் பதிலாக இருக்கும். ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான ஒன்றிரண்டு நிமிடங்கள்தான் கடையில் கிடைக்கும் இடைவெளி. அதற்கு ஒரே ஒரு கேள்வி, அதுவும் இப்போது நடந்ததைப் பற்றி. நீண்ட நேர்காணலை வேறு நாளில், வேறிடத்தில், 60 முதல் 90 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். 25 பேர் என்றால் ஏறக்குறைய 31 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேர ஒலிக்கு நாலிலிருந்து ஆறு மணி நேர எழுத்து. பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும் ஆட்ட நேரப் பதிவுக்கு இது இரட்டிப்பாகும்.

நண்பர்கள் இருவரைச் சேர்த்து வைத்துக் கேட்பது பல சமயம் தனி நேர்காணலைவிடச் செழிப்பாக இருக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். ஆனால் ஒதுக்கப்படுவது பற்றிய பேச்சு கூட்டத்தில் வராது. அதற்குத் தனியாகத்தான்.

மொழி தனித் தலைவலி. கொரியத்தில் எதிரில் இருப்பவரின் வயது தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட நிம்மதியாக முடிக்க முடியாது. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல அங்கே வினைமுற்றே மாறும். ஆண் தன்னைவிட மூத்த ஆணை ‘ஹ்யோங்’ என்பான், பெண் ‘ஒப்பா’ என்பாள். அண்ணன் என்று நாம் பிறரை அழைப்பதைப் போலத்தான். விளையாட்டுக்குள் திறமையில் கீழே இருப்பவர் வயதில் மூத்தவராக இருந்தால் மரியாதை எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரை நம்பி வேலை செய்கிற ஆய்வாளர் பெரிதாக இழக்கிறார். மொழிபெயர்ப்பில் ‘நீங்கள்’ ஒன்றுதான் மிஞ்சும்.

யார் கண்ணில் படவில்லை

கடையில் உட்கார்ந்தால் கடைக்கு வருகிறவர்கள்தான் தெரிவார்கள். இதுதான் நேர்க்கள ஆய்வின் மிகப் பெரிய குறை. தைவானில் ஹோலின் லின் வீடு, கல்லூரி விடுதி, இணையக் கடை என்ற மூன்று இடங்களையும் ஒப்பிட்டு எழுதியது இங்கே உதவுகிறது. இணையக் கடை பெண்களுக்கு ஆபத்தான இடம் என்ற எண்ணமும், வீட்டில் பெற்றோரின் கண்காணிப்பும், விடுதியில் சக மாணவிகளின் பார்வையும் ஒரே பெண்ணின் ஆட்டத்தை மூன்று விதமாக வளைக்கின்றன. கடையில் மட்டும் எண்ணியவர் “பெண்கள் குறைவாக ஆடுகிறார்கள்” என்று எழுதிவிடுவார். எண்ணிக்கை சரியாக இருக்கும், முடிவு தவறாக இருக்கும்.

பதிவேடும் இப்படி ஏமாற்றும் என்பதற்குக் கொரியாவிலேயே சான்று இருக்கிறது. 2011 நவம்பரில் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டம் வந்தது. 2022 தொடக்கத்தில்தான் அது நீங்கியது. அந்தக் காலத்தில் அம்மா அப்பாவின் பெயரில் கணக்குத் திறந்து ஆடிய பிள்ளைகள் உண்டு. சர்வரின் கணக்கில் நள்ளிரவில் ஆடியவர் நாற்பது வயதுப் பெண்மணி. இருக்கையில் இருந்தது பதினான்கு வயது மகன். வயதுவாரியாக அட்டவணை போடுகிற ஆய்வாளர்கள் இதை மனதில் வைக்காவிட்டால் அட்டவணையே கற்பனை.

தனியாக வந்து, யாரோடும் பேசாமல், ஆறு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறவர்களும் குறிப்பில் சிக்குவதில்லை. பேச்சே இல்லாததால் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும். வரைபடத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வந்தால் அவர்கள் எத்தனை பேர் என்பதாவது தெரியும். ‘மூன்றாம் இடம்’ என்ற விளக்கத்துக்கு எதிராக நிற்கும் ஆட்கள் இவர்கள். விளக்கத்துக்குப் பொருந்தாதவர்களைத் தேடிப் போய்ப் பேசிய பிறகுதான் அந்த விளக்கத்தை எழுத வேண்டும்.

இன்று செய்வதானால்

கடை மாறிவிட்டது. 2011 டிசம்பரில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற குழு விளையாட்டின் கொரியச் சர்வர் வந்த பிறகு ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது பெருகியது. பிசி பாங்கிலிருந்து ஆடினால் எல்லாச் சாம்பியன்களும் (ஆடுவதற்குத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்கள்) திறந்திருக்கும் என்பது போன்ற சலுகைகளை நிறுவனங்கள் தருகின்றன. அதற்கான கட்டணத்தைக் கடை செலுத்துகிறது. கப் ராம்யோன் இருந்த இடத்தில் இப்போது சமைத்த சாப்பாடு, அதைத் திரையிலேயே சொல்லி வரவழைக்கலாம். எனவே “வீட்டில் இருக்கும்போது ஏன் இங்கே?” என்ற கேள்விக்கு இன்றைய விடையில் சலுகையும் சாப்பாடும் கலந்திருக்கும். நண்பர்களின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி, ஐந்து பேர் வந்து ஐந்து இருக்கை சேர்ந்தாற்போல் கிடைக்காத நேரத்தைக் கவனிப்பது. பிரிந்து உட்காருகிறார்களா, காத்திருக்கிறார்களா, வேறு கடைக்குப் போகிறார்களா? சலுகை எந்த இருக்கையிலும் ஒன்றுதான். காத்திருந்தால் அவர்கள் வந்தது பக்கத்து இருக்கைக்காக. வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை கவுண்டர் அருகே நின்றால் இதை எண்ணிவிடலாம்.

களத்தை விட்டு வெளியேறுவதற்கும் இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும். பழகியவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் ஒருநாள் திடீரென்று வராமல் போவது அவர்களைப் பயன்படுத்திக்கொண்டு விட்டதாக ஆகும். முடிவுகளின் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொரிய மொழியில் எழுதிக் கடைக்கும் பேசியவர்களுக்கும் கொடுத்து, தவறென்று அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்த வேண்டும். இருக்கை எண்ணையும் புனைபெயரையும் இணைக்கும் திறவுப்பட்டியலைக் குறிப்புகளோடு ஒரே கணினியில் வைக்காமல், நெறிக்குழுவிடம் சொன்ன தேதியில் அழித்து, அழித்த தேதியை எழுதி வைக்க வேண்டும்.